வந்தாரும் வாடகையும்: சிங்கப்பூரில் குறுகிய காலக் குடியிருப்பின் வரலாறு

முன்னுரை

நகரொன்றில் நான்கு வாரம் தங்குவதற்கு ஒரு வீடு தேடுவது எளிய செயல் என்றே நாம் எண்ணியிருந்தோம். பருவ விடுமுறையில் சிங்கப்பூருக்குச் சென்று, தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பது நம் நோக்கம். நான்கு வாரத்திற்கு ஹோட்டல் அறை நமக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, சமைத்துண்ண ஓர் அடுப்பும் எழுத ஒரு மேசையும் உள்ள சிறிய அடுக்குமாடி வீடு போதுமெனத் தேடத் தொடங்கினோம். தொலைபேசியில் பேசிய வீட்டு முகவர் ஒவ்வொருவரும் முதலில் கேட்ட கேள்வி, 'எத்தனை மாதம்?' என்பதே. ஒரு மாதம் என்றதும் பேச்சு முடிந்துபோகும். வீட்டுக்காரர் ஒருவர் மட்டும், ஒப்பந்தத்தில் மூன்று மாதம் என்று எழுதிக்கொள்வோம், நீங்கள் ஒரு மாதத்தில் போய்விடுங்கள் என்றார். வரலாற்று ஆவணங்களைப் படிக்கச் செல்பவர் பொய் ஆவணம் ஒன்றில் கையெழுத்திட்டுத் தொடங்குவது முறையாகத் தோன்றவில்லை.

இவ்வனுபவம் நம்மை ஒரு கேள்விக்கு இட்டுச் சென்றது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், கையில் ஒரு தகரப்பெட்டியுடன் அதே துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர், அன்று மாலையே எங்கோ ஓரிடத்தில் பாய் விரித்துப் படுத்தனர். அவர்களுக்கு அது எங்ஙனம் இயன்றது? அதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது? இன்று அது ஏன் இயலவில்லை?

நாம் முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் இருந்த காலத்தில், அறை வாடகைக்குக் கேட்டபோது வீட்டுக்காரர் முதலில் கோரியது பணத்தையன்று. முன்னைய வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடிதமும் பேராசிரியரிடமிருந்து ஒரு கடிதமும் வேண்டுமென்றார். முன்பின் அறியாத ஒருவரை வீட்டிற்குள் விடுமுன், அவருக்குப் பிணை நிற்பவர் யார் என்பதே அவருடைய கேள்வி. குறுகிய காலக் குடியிருப்பின் வரலாறு, பிணை நிற்றலின் வரலாறே என்பது இக்கட்டுரையின் கருத்து. சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் கோயில், தொழில் நிறுவனம், முதலாளி, தலைமைக் குத்தகையாளர், அரசு ஆகியோர் அப்பிணையைக் காலந்தோறும் எவ்வாறு ஏற்றனர் என்பதை இங்கு ஆராய முற்படுகிறோம்.

கோயிலும் பள்ளிவாசலும்

1819ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கிலிருந்து இராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர். செங்கற்சூளை வைத்துக் கட்டுமானத் தொழிலில் ஈடுபட்ட அவர், 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை நிறுவினார். மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆன எளிய கட்டடமாகவே அது முதலில் இருந்தது. இக்கோயில் வழிபாட்டிடமாக மட்டுமன்றி, புதிதாக வந்தவர்கள் வேலையும் நிலையான இருப்பிடமும் கிடைக்கும்வரை தங்கும் புகலிடமாகவும் விளங்கியது. அதே சாலையில் 1826இல் சோழியா முஸ்லிம்கள் ஜாமியா பள்ளிவாசலை அமைத்தனர். 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே ஆற்றின் மேற்பகுதியில் சோழியருக்கெனத் தனிக் கம்பம் ஒன்று குறிக்கப்பட்டிருந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கோயிற்புகலிடத்தில் வாடகை இல்லை, ஒப்பந்தமும் இல்லை, கால வரையறையும் எழுதப்படவில்லை. ஆயினும் அங்கே பிணை இருந்தது. இன்ன ஊரார், இன்னாருடைய உறவினர் என்று சொல்லும் ஒருவர் இருந்தால் போதும். ஊர்ப்பெயரே முன்பணமாக அமைந்தது எனலாம். இதன் மறுபக்கத்தையும் நாம் காணுதல் வேண்டும். யாரும் அடையாளம் சொல்ல முன்வராத ஒருவருக்கு இவ்வேற்பாடு எந்த அளவிற்குத் திறந்திருந்தது என்பதைப் பழைய புகழுரைகள் பேசுவதில்லை.

கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்த ஏழைப் பயணிகளுக்கு இன்னொரு தங்குமிடமும் காத்திருந்தது. 1874 முதல் செயற்பட்ட செயிண்ட் ஜான்ஸ் தீவின் நோய்த்தடுப்பு முகாமே அது. நகரை அடையுமுன் பலர் அங்கு நிறுத்திவைக்கப்பட்டனர். வந்தவரை ஐயத்துடன் நோக்கித் தனியே ஒரு கொட்டகையில் வைத்தல் என்பது சிங்கப்பூர்க் குறுகிய காலக் குடியிருப்பின் பழமையான வடிவங்களுள் ஒன்றாகும்.

கிட்டங்கி: கடையும் வீடும் ஒன்றான இடம்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் மார்க்கெட் தெருவில் நடத்திய கிட்டங்கிகள் இவ்வரலாற்றின் தனிச்சிறப்பு வாய்ந்த பகுதி. அத்தெருவே மக்கள் வழக்கில் செட்டித் தெரு எனப்பட்டது. கிட்டங்கி என்னும் சொல்லுக்குப் பண்டகசாலை என்பது பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'கோடவுன்', மலாய்மொழியில் வழங்கும் 'குடாங்' ஆகியவற்றோடு இதற்கு உறவு உண்டெனக் கருதுவோர் உளர். பொருள்களை இட்டுவைக்கும் இடத்தின் பெயர் மனிதர் தங்கும் இடத்தின் பெயராக மாறியது கருதத்தக்கது.

கிட்டங்கி என்பது நீண்டதொரு கூடம். கூடத்தின் இருபுறமும் வெவ்வேறு நிறுவனங்களின் இடங்கள் வரிசையாக அமையும். ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரு தாழ்ந்த மேசை, ஒரு பெட்டி, சில அடி இடம். பகலில் பாயின்மீது அமர்ந்து வட்டிக்கணக்குப் பார்த்த அதே இடத்தில் இரவில் பாய் விரித்து உறங்குவர். சமையல் பொதுவானது. பெட்டியடிப் பையனாக வந்தவர் அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் மேலாளாவார். நிறுவனத்தின் முகவராக வருபவரின் பணிக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. கணக்கை ஒப்படைத்துவிட்டு அவர் ஊர் திரும்புவார். அவரிடத்திற்கு இன்னொருவர் வருவார். ஆள் மாறினாலும் பாய் விரிக்கும் இடம் மாறாது.

இன்றைய சொல்லால் உரைப்பதாயின், கிட்டங்கி ஒரு சேவைக் குடியிருப்பு. அலுவலகமும் உணவும் உறக்கமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த ஏற்பாடு. வாடகையைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொண்டமையால் தனியொருவருக்குச் செலவு மிகக் குறைவு. ஒருவருடைய நடத்தை பத்துப்பேர் கண்முன் இருந்தமையால் வணிகத்தில் நம்பகமும் கூடியது. 1859இல் டேங்க் சாலையில் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் இச்சமூகத்தின் வழிபாட்டிற்கு மட்டுமன்றி அதன் கூட்டுவாழ்விற்கும் மையமாயிற்று.

கிட்டங்கியைப் பற்றி எழுதுவோர் பலர் அதனைச் சிக்கனத்திற்கும் ஒற்றுமைக்கும் இலக்கணமாகப் போற்றுவர். அப்புகழ்ச்சியில் உண்மையுண்டு. எனினும், கிட்டங்கியின் கதவு நகரத்தார் சமூகத்து ஆண்களுக்கே திறந்தது. மனைவியும் குழந்தைகளும் செட்டிநாட்டில் இருந்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சிங்கப்பூர் இந்தியருள் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் என்னும் நிலை இருந்தது. அக்காலத்துத் தங்குமிடங்கள் ஆண்கள் தனியே தங்கும் இடங்களாக அமைந்ததற்கு இதுவும் காரணம். அத்தகைய இடங்களே மிகுந்திருந்தமையால் பெண்கள் வரத் தயங்கினர் என்பதும் உண்மை. இதற்கு மாறாக, கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுள் பலர் குடும்பத்துடன் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்தனர். பெண்கள் மசாலை அரைத்து விற்றுக் குடும்ப வருவாய்க்குத் துணைநின்றனர். குடும்பமாக வந்தவர்கள் வேரூன்றினர் என்பதற்கு, 1946இல் அச்சமூகத்தார் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி சான்றாகும். பள்ளிக்கூடம் கட்டும் எண்ணம், மூன்றாண்டில் ஊர் திரும்புபவருக்கு எளிதில் தோன்றுவதன்று.

லயமும் வேலையோடு பிணைந்த படுக்கையும்

வணிகருக்குக் கிட்டங்கி இருந்ததுபோல் தொழிலாளருக்கு லயங்கள் இருந்தன. நகராட்சி, துறைமுகம், இரயில்வே, 1938இல் திறக்கப்பெற்ற செம்பவாங் கடற்படைத்தளம் ஆகியவை தத்தம் தொழிலாளர்க்கு இருப்பிடம் அளித்தன. இவ்விருப்பிடத்தைத் தேட வேண்டியதில்லை, முன்பணமும் வேண்டுவதில்லை. முதலாளியே பிணை. நம் பழைய வழக்கில் வீட்டு வாடகையைக் குடிக்கூலி என்பர். லயத்தில் குடிக்கூலி தனியே கொடுக்கப்படவில்லை. கூலிக்குள்ளேயே குடி அடங்கியிருந்தது.

இவ்வேற்பாட்டின் ஆபத்தும் அதற்குள்ளேயே இருந்தது. வேலை போனால் படுக்கையும் போகும். 1968 ஜனவரியில் பிரித்தானிய அரசு தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்து, 1971இல் அதனைப் பெருமளவு நிறைவேற்றியபோது, கடற்படைத்தள ஊழியர் பலர் பணியையும் குடியிருப்பையும் ஒருசேர இழக்க நேர்ந்தது. பல்லாண்டுகள் உழைத்தவர்கள் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு தாயகம் திரும்பினர். அத்தனை ஆண்டுகள் வாழ்ந்த வீடு சட்டத்தின் கண்ணில் அவர்களுக்கு என்றும் தற்காலிகமானதாகவே இருந்திருக்கிறது. குறுகிய காலம், நீண்ட காலம் என்னும் வேறுபாட்டை ஆண்டுக்கணக்கால் மட்டும் அளத்தல் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது. முப்பதாண்டு தங்கியவரும் ஒருநாள் அறிவிப்பில் வெளியேற வேண்டியவராயின், அவர் குறுகிய காலக் குடியிருப்பாளரே.

கடைவீட்டு அறைகளும் வாடகைக் கட்டுப்பாடும்

கோயிலையும் கிட்டங்கியையும் லயத்தையும் சாராதவர்கள் கடைவீடுகளின் மாடியறைகளை நாடினர். கடைவீடு என்பது குறுகிய முகப்பும் மிக நீண்ட உடலும் கொண்ட கட்டடம். அதன் மாடியை மரப்பலகைகளால் தடுத்துச் சிறு அறைகளாக்கி வாடகைக்கு விட்டனர். நடுவிலுள்ள அறைகளுக்குச் சன்னல் இராது. 1907ஆம் ஆண்டு சிங்கப்பூரின் சுகாதார நிலைபற்றி அறிக்கையளித்த பேராசிரியர் சிம்சன் இவ்வறைகளின் இருளையும் காற்றின்மையையும் சுட்டிக்காட்டி, வீடுகளுக்குப் பின்னே சந்துகள் திறக்கப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தார். இன்று பழைய கடைவீடுகளின் பின்புறம் நாம் காணும் சந்துகள் பல அச்சிந்தனையின் விளைவே. 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 32 ஆண்டுகளில் அது கட்டிய வீடுகள் ஏறத்தாழ 23,000 மட்டுமே.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் முற்றியது. 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாளுக்குள் கட்டப்பெற்ற கட்டடங்களின் வாடகையை அது கட்டுப்படுத்தியது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறும் காத்தது. ஏழைகளைக் காக்க எழுந்த சட்டம் இது என்பதில் ஐயமில்லை. ஆயின், இதன் பயன் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்க்கே கிட்டியது. தலைமைக் குத்தகையாளர் குறைந்த வாடகைக்கு வீட்டைப் பெற்று, அதனை அறை அறையாகப் பிரித்து உள்வாடகைக்கு விட்டார். புதிதாக வருபவர் அறையைப் பெறச் சட்டத்திற்குப் புறம்பாக ஒரு தொகையைக் கொடுக்க நேர்ந்தது. 'தேநீர்ப் பணம்' என்பது அதற்கு வழங்கிய நயமான பெயர். வீட்டுக்காரருக்கோ வருவாய் இல்லாமையால் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் விருப்பமும் இல்லாதுபோயிற்று. இச்சட்டம் 2001ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நீக்கப்பட்டது.

இங்கு ஒரு முரண்பாடு தெளிவாகிறது. குடியிருப்பவருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் ஒவ்வொன்றும் குடிவர விரும்புபவருக்கு ஒரு தடையாகவும் அமைகிறது. உள்ளிருப்பவரின் உறுதியும் வெளியிலிருப்பவரின் வாய்ப்பும் ஒரே கதவின் இருபக்கங்கள்.

வீடமைப்பும் கால வரையறையும்

1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பெற்றது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை அது கட்டியது. 1964இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்க வழி பிறந்தது. சிங்கப்பூர் வாழ் மக்களுள் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இன்று கழக வீடுகளில் வாழ்கின்றனர். கடைவீட்டின் சன்னலற்ற அறையிலிருந்து வெளிவந்த குடும்பத்திற்கு இது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. நகரமையத்தின் சீரமைப்பில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் மறைந்தன. அங்கு இன்று வங்கிகளின் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன.

சொந்த வீடு என்பது குடியுரிமையின் அடையாளமாகிய பின்னர், வந்துபோகிறவருக்கு உரிய இடம் யாது என்னும் கேள்வி எழுந்தது. சட்டம் அதற்குக் கால அளவால் விடையளித்தது. கழக வீட்டை வாடகைக்கு எடுப்பவர் குறைந்தது ஆறு மாதம் இருத்தல் வேண்டும். சுற்றுப்பயணிகளுக்கு அவ்வீடுகள் இல்லை. தனியார் வீடுகளுக்கும் ஆறு மாதமாக இருந்த குறைந்தபட்ச அளவு 2017ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. சேவை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஏழு நாள் முதல் தங்கலாம். ஆயின் அவற்றின் கட்டணம் நம்மைப் போன்றோர்க்கு எட்டாதது.

இணையத்தளங்களின் வழியே வீடுகளை நாட்கணக்கில் வாடகைக்கு விடும் வழக்கம் பெருகியபோது, இவ்வெல்லை சோதனைக்கு உள்ளானது. 2018 ஏப்ரலில், இவ்வாறு வீடுகளை வாடகைக்கு விட்ட இருவருக்குத் தலைக்கு 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நகர மறுசீரமைப்பு ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. ஒரு கட்டடத்தின் உரிமையாளர்களுள் 80 விழுக்காட்டினர் இசைந்தால், ஆண்டிற்கு 90 இரவுகள்வரை அனுமதிக்கலாம் என்னும் முன்மொழிவும் ஆராயப்பட்டது. இறுதியில், 2019 மே மாதத்தில், பழைய விதியே தொடரும் என அறிவிக்கப்பட்டது. குடியிருப்புப் பகுதிகள் குடியிருப்புப் பகுதிகளாகவே நிலைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மின்தூக்கியில் நாள்தோறும் புதுமுகங்களைக் காணும் அண்டைவீட்டாரின் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. பிணை நிற்பார் எவருமில்லாத இடத்தில் காலமே பிணையாக்கப்பட்டுள்ளது. மூன்று மாதம் இருப்பவர் நம்பத்தக்கவர்; நான்கு வாரம் இருப்பவர் அந்நியர்.

இதே காலத்தில் முதலாளியைப் பிணையாகக் கொண்ட பழைய முறை மறையவில்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். கட்டுமானத்திற்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த வெளிநாட்டுத் தொழிலாளர், அவர்களுள் தமிழ்நாட்டினர் பலர், பெரிய தங்கும் விடுதிகளில் வைக்கப்பட்டனர். அவ்விடங்களை முறைப்படுத்த 2015இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது அவ்விடுதிகளில் இருந்தோர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டவர். அவர்களுள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளானதாக அவ்வாண்டு இறுதியில் அரசு தெரிவித்தது. அந்நெருக்கடியின் விளைவாக விடுதிகளின் தரம் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் ஏழு படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள தங்குமிடங்கள் யாவும் அச்சட்டத்திற்கு உட்பட்டன. எனினும் வேலையோடு படுக்கை பிணைந்திருக்கும் அடிப்படை மாறவில்லை. லயத்தின் வரலாற்றை அறிந்தவருக்கு இது புதிய செய்தியன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, குறுகிய காலக் குடியிருப்பு இணையத்தளங்களோடு தோன்றியதன்று; சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு அதிலேயே தொடங்குகிறது. இரண்டு, புகலிடம் அளித்த ஒவ்வோர் அமைப்பும் தன் அடையாள எல்லைக்குள் நின்றே அதனை அளித்தது. ஊர், சாதி, சமயம், பால், வேலை என்னும் இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் காட்டியே ஒருவர் உள்நுழைந்தார். அவற்றைப் பொருட்படுத்தாது, காலத்தை மட்டும் கேட்கும் இன்றைய விதி ஒருவகையில் சமத்துவமானது. அதனையும் நாம் ஒப்புதல் வேண்டும். மூன்று, தற்காலிகமாக வாழ்ந்தவர்கள் ஆவணங்களிலும் தற்காலிகமாகவே இடம்பெறுகின்றனர். சொத்துப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் உண்டு. மாடியறையில் ஆறு மாதம் தங்கியவர் பெயர் இல்லை.

இம்மூன்றாம் கருத்தே ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு கடமையை உணர்த்துகிறது. மாணவர்களிடம் குடும்ப வரலாறு எழுதச் சொல்லும்போது, தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்கச் சொல்கிறோம். வந்திறங்கிய அன்று எங்கே படுத்தார், அவ்விடத்தை அவருக்குக் காட்டியவர் யார் என்று கேட்கச் சொல்வதில்லை. இவ்விரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொண்டால், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு நகரம் மாணவர் ஏடுகளில் எழுந்து நிற்கும். சொல்லக்கூடியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். காலம் குறைவு.

நம் நான்கு வாரம் இறுதியில் ஜொகூர் பாருவில் கழிந்தது. அங்கே ஓர் அடுக்குமாடி வீடு ஒரு மாத வாடகைக்கு எளிதாகக் கிடைத்தது. நாள்தோறும் லார்க்கினிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் ஏறிச் சென்று, மாலையில் திரும்பினோம். 1924இல் திறக்கப்பெற்ற அப்பாலத்தின்மீது நம்மோடு நெரிசலில் நின்றோர், நகருக்கு உழைப்பைக் கொடுத்துவிட்டு உறங்க இக்கரைக்குத் திரும்பும் தொழிலாளர். ஒருநாள் மாலை பக்கத்தில் நின்ற தமிழ் இளைஞர் ஒருவர், 'ஐயா அங்கேயே தங்கலாமே, இடம் கிடைக்கலியா?' என்று கேட்டார். 'உங்களுக்குக் கிடைத்ததா தம்பி?' என்றோம். அவர் சிரித்தார். நூறாண்டு ஆவணங்களில் நாம் தேடிய கேள்வி அப்பேருந்தில் நம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.